பெரிய கப்பலா, பக்கத்துக் கப்பலா?

காஞ்சிபுரம் ஓரிக்கையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமனாரும் மாமியாரும் நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர்கள். இந்த வருஷம் சீட்டுப் பணம் கைக்கு வருகிறது. ‘இத்தனை காலம் உழைத்தவர்களை ஒரு தடவையாவது கப்பலில் அழைத்துப்போக வேண்டும்’ என்று கணவருக்கு ஆசை. சிங்கப்பூர் போய், அங்கே பெரிய கப்பலில் ஏறலாம் என்கிறார் அவர். சென்னையிலேயே கப்பல் வருகிறதே, அது போதாதா என்கிறார் இவர். மாமியாருக்கு முழங்கால் வலி. கையில் ஒரு வயதுக் குழந்தை. “கடல் நடுவுல இட்லி கெடைக்குமாம்மா?” என்பதுதான் மாமியாரின் ஒரே கேள்வி! எந்தக் கப்பல் என்று நீங்களே சொல்லுங்கள் அக்கா, என்று முடித்திருக்கிறார்.

நல்ல கேள்வி. இப்போதெல்லாம் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

திருமழிசை ஆழ்வாரும் அவர் சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுக் கிளம்பியபோது, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாராம். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் ‘ஓரிரவிருக்கை’யாகி, ஓரிக்கை ஆனது என்பார்கள். ஆகவே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவது அந்த ஊருக்குப் புதிதல்ல!

கப்பலும் நமக்குப் புதிதல்ல. 1926-ல் கட்டிய ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் நம்மவர்களை ஏற்றிச் சென்றது. 1972-ல் ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதமும் ஏற்பட, அந்தச் சேவை நின்றுபோனது. அந்தக் கப்பல்களில் ஜனங்கள் போனது பிழைப்புக்காக. டெக்கில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு. இன்றைய உல்லாசக் கப்பலோ ஊர் போய்ச் சேர்வதற்கு அல்ல. சாப்பிட்டு, தூங்கி, கடல் பார்த்துவிட்டு ஏறிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு. அதனால், ‘எங்கே போகிறது?’ என்பதைவிட, ‘உள்ளே நம் வீட்டு மனிதர்கள் எப்படி இருப்பார்கள்?’ என்பதே முக்கியம்.

இப்போது இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சென்னைக்கு வருவது கார்டீலியா கம்பெனியின் ‘எம்ப்ரஸ்’. 1990-ல் பிரான்ஸில் கட்டியது. முன்பு வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் வெவ்வேறு பெயர்களில் ஓடி, 2021-ல் இந்தியாவுக்கு வந்தது. நீளம் சுமார் 211 மீட்டர், அறைகள் ஏறக்குறைய 800. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கையின் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. ஒன்றை நினைவில் வையுங்கள்: இது வருஷம் முழுவதும் சென்னையில் நிற்கிற கப்பல் அல்ல. சீசனில்தான் இந்தப் பக்கம் வரும். தேதியைக் கேட்டுக்கொண்டுதான் மற்ற ஏற்பாடு.

சிங்கப்பூர்க் கப்பல்களில் நம்மவர்கள் அதிகம் கேட்பது ‘கெண்டிங் டிரீம்’. 2016-ல் ஜெர்மனியில் கட்டியது. நீளம் 335 மீட்டர். 18 அடுக்கு, சுமார் 1,670 அறைகள். 2022 ஜூன் முதல் சிங்கப்பூரிலிருந்து மலேசியா, தாய்லாந்து பக்கம் இரண்டு மூன்று இரவுப் பயணங்கள் போய்வரத் தொடங்கியது.

நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். ஐந்தரை மீட்டர் பட்டுப்புடவைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்தால், சென்னைக் கப்பலின் நீளத்துக்குச் சுமார் 38 புடவை வேண்டும். சிங்கப்பூர்க் கப்பலுக்குச் சுமார் 61 புடவை!

‘அப்படியானால் பெரியதுதான் வசதி’ என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். விளம்பரத்தில் ‘இத்தனை ஆயிரம் டன்’ என்று போடுகிறார்களே, அது கப்பலின் எடை இல்லை. உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. அந்த டன்னை, அறைக்கு இரண்டு பேர் என்று வைத்து வரும் ஆள் கணக்கால் வகுத்துப் பாருங்கள். எம்ப்ரஸ் சுமார் 48,500 டன், 1,600 பேர், ஆளுக்கு 30. கெண்டிங் டிரீம் சுமார் 1,50,700 டன், 3,350 பேர், ஆளுக்கு 45. ஆக, பெரிய கப்பலில் கூட்டம் இரண்டு மடங்கு இருந்தாலும் நெரிசல் குறைவுதான். பால்கனி வைத்த அறைகளும் அங்கே ஏராளம்; எம்ப்ரஸில் மிகச் சில. இதில் கணவர் சொல்வது நியாயமே.

ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு இடம் தாராளமாக இருப்பது வேறு, நடக்க வேண்டிய தூரம் வேறு. அறை ஒரு கோடியில், சாப்பாட்டுக் கூடம் மறு கோடியில் என்றால் மூன்று வேளையும் போய்வர எத்தனை நடை! லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்குள் போக நீண்ட நடைபாதையைத் தாண்ட வேண்டும். எந்தக் கப்பலானாலும் லிஃப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே அறையில் நாலு பேர் என்றால் இரண்டு கட்டில் மேலே இருக்கும். ஏணி ஏற வேண்டும். பெரியவர்களுக்குக் கீழ்க் கட்டில்தான் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில ஊர்களில் கப்பல் கரைக்கே வராது. சின்னப் படகில் இறங்கித்தான் போக வேண்டும். அப்படி என்றால் மாமியார் கப்பலிலேயே இருந்துவிடுவது நல்லது.

அடுத்தது பணம். கப்பல் டிக்கெட்டின் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடவே கூடாது. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி கோடு கிழியுங்கள். சென்னைக் கப்பலுக்கு: காஞ்சியிலிருந்து துறைமுகத்துக்குச் சுமார் 75 கிலோமீட்டர், போகவர ஒரு வண்டி. சிங்கப்பூருக்கு: போகவர விமான டிக்கெட் (மடிக் குழந்தைக்கும் ஒரு தொகை உண்டு), விசா, ஒரு ராத்திரி ஓட்டல், பயண இன்ஷூரன்ஸ். இரண்டு பத்தியிலும் பொதுவாக எழுத வேண்டியவை: துறைமுகக் கட்டணம், வரி, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாங்கும் சேவைக் கட்டணம். இவை பெரும்பாலும் விளம்பர விலையில் சேராது. குளிர்பானம், தனி ஓட்டல், இன்டர்நெட் ஆகியவற்றுக்கும் தனிக் காசு. வெளிநாட்டு டூருக்கு ஏஜெண்டு டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார். ரசீதைப் பத்திரப்படுத்தினால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கடலில் போனவுடன் செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் டவரைப் பிடித்துக்கொண்டு பில் எகிறிவிடும்!

காகிதங்கள். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று நம் நாட்டுக்குள்ளேயே சுற்றும் பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். அடையாள அட்டை போதும். இலங்கை, சிங்கப்பூர் என்றால் ஒரு வயதுக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், அதுவும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வெளியே போய்த் திரும்பி நுழைவதால், பல தடவை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உடம்பு. மலாக்கா ஜலசந்திக்கு இருபுறமும் நிலம் இருப்பதால் அங்கே அலை பொதுவாகக் குறைவு. நம் வங்கக் கடல் அப்படி அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலமும்கூட. பெரிய கப்பல் அலைக்கு அதிகம் அசையாது என்பதும் உண்மை. ஆனால் எந்தக் கப்பலிலும் நடுப்பகுதியில், கீழ் அடுக்கில் உள்ள அறைதான் குறைவாக ஆடும். தலைசுற்றல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு. முன்கூட்டியே போட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் போடவேண்டாம். ஒரு துண்டு இஞ்சியும் வெறும் பிஸ்கட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தால்தான் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவார்கள். கர்ப்பிணிகளை 24 வாரம் வரைதான். நீச்சல் குளத்தில் டயபர் குழந்தைகளை இறக்க விடமாட்டார்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் ஃபீஸ் அதிகம். உள்ளூர் மெடிக்கிளெய்ம் பெரும்பாலும் அங்கே உதவாது. ஒரு கூட்டமே தொட்ட கரண்டியை எல்லோரும் தொடும் இடம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தைக்கு ஊட்டாதீர்கள். சத்துமாவு கொண்டுபோகலாம். சொந்தக் கெட்டில், இஸ்திரிப்பெட்டி, அகல் விளக்கு, கற்பூரம் எதையும் ஏற்ற விடமாட்டார்கள்; தீ பயம். ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லோரும் கட்டாயம் போங்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இரண்டு கப்பலிலும் நம் நாட்டுச் சைவச் சாப்பாடு உண்டு!

இன்னொன்று. அட்டவணையில் போட்ட ஊரில் கப்பல் நின்றே தீரும் என்று நம்பிப் போகாதீர்கள். 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், எம்ப்ரஸில் போனவர்கள் அங்கே இறங்கவே முடியவில்லை. கப்பலில் சூதாட்ட அரங்கு இருக்கிறது என்பதுதான் அங்கே எழுந்த எதிர்ப்பு. அந்த அரங்கு சிங்கப்பூர்க் கப்பலிலும் உண்டு. வீட்டு ஆண்களிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்!

சரி, முடிவாக என்ன சொல்கிறேன்? சகோதரி, கடிதத்தில் ஒரே ஒரு ஆளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அது நீங்கள்தான். ஐந்து பேருக்கு மூட்டை கட்டி, ராத்திரி விமானத்தில் குழந்தையை மடியில் போட்டு, வேற்று நாட்டில் மாமியாரைக் கைப்பிடித்து நடத்தி, பிறகு கப்பல் ஏறினால், அலுப்பு தீருவதற்குள் கப்பல் கரைக்குத் திரும்பிவிடும். மூன்று நாள் அடுப்பைப் பார்க்காமல் இருப்பதுதான் உங்களுக்கு உல்லாசம். அதனால் இந்தத் தடவை சென்னைக் கப்பல். நம் நாட்டுக்குள்ளேயே சுற்றும் பயணம், இரண்டு அல்லது மூன்று இரவு, நடுப்பகுதியில், லிஃப்டுக்கு அருகே பக்கத்துப் பக்கத்து இரண்டு அறை. ஓர் இரவு மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் இருவரும் மேல்தளத்தில் காற்று வாங்குங்கள்.

மிச்சப் பணத்தைத் தபாலாபீஸில் போட்டு வையுங்கள். குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்போது சிங்கப்பூர்க் கப்பலின் சறுக்கு மரமும் தண்ணீர் விளையாட்டும் அவனுக்குப் புரியும், நினைவிலும் நிற்கும். கணவரின் ஆசையும் அப்போது நிறைவேறட்டும். சென்னைத் தேதி தோதுப்படவில்லை என்பதற்காக மட்டும் கடன் வாங்கிச் சிங்கப்பூர் போகாதீர்கள்.

பணம் கட்டுமுன் ஏஜெண்டிடம் இந்த ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள்: எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை, அறை எண், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், சக்கர நாற்காலி ஏற்பாடு, குழந்தைத் தொட்டில். வாயால் சொன்னது கடலைத் தாண்டாது!