பேண்டேஜ் துணிக்கு ஒரு பொது ஆய்வகம்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பெயர்பெற்ற விசைத்தறி ஊர். இங்கே பலர் கூலிக்கே நெய்கிறார்கள். தறியை விட்டு இறங்கிய பிறகுதான் அந்தத் துணிக்கு விலை ஏறுகிறது.

பாவில் ஏற்றிய கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் போகும்வரை வெளுக்காத காடா துணி நீரை உறிஞ்சாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்க வேண்டும். நீரில் இட்ட காஸ் 10 நொடிக்குள் மூழ்கினால்தான் தேறும். அப்புறம் வெட்டு, மடிப்பு, உறை, கிருமிநீக்கம். இவற்றில் சேரும் லாபம் தறிக்காரருக்கு எட்டுவதில்லை.

தொழில்நுட்பம் என்றதும் நாடா இல்லாத தறியைப் பற்றியே பேசுகிறோம். வேகமான தறி அதே காடாவைக் கூடுதலாகத் தரும், வாங்குபவர் மாறமாட்டார்.

சொந்தப் பெயரில் விற்கத் தடையாக நிற்பவை சோதனையும் பதிவேடும். 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவச் சாதனங்கள் அனைத்தும் மருந்துச் சட்டத்துக்குள் வந்தன. 2022 அக்டோபர் 1 முதல் அவற்றில் ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புகளுக்கு உரிமம் கட்டாயமானது. கிருமிநீக்கம் செய்யாத ஏ வகுப்புப் பொருள்களுக்கு மட்டும் பதிவு போதும். பேட்ச் எண், சோதனை அறிக்கை, தகுதியுள்ள ஆள் என எல்லாவற்றையும் நாலு தறி வைத்திருப்பவர் தனியாகச் சுமக்க முடியாது.

மருத்துவத் துணி தயாரிக்கும் அறிவு இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் 1939இலேயே இராஜபாளையத்தில் தொடங்கப்பட்டது. உறை அச்சிடச் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. மருத்துவ ஜவுளிக்கான உயர் மையம் கோவையின் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் உண்டு. ஆனால் ஒவ்வொரு பேட்ச்சின் மாதிரியையும் அங்கே அனுப்பிக் காத்திருந்தால் ஆர்டர் கைநழுவிப் போகும்.

ஆகவே இங்கேயே பொது வசதிகள் வேண்டும்; வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். சோதனைக்கூடத்துக்கு அதிகத் தண்ணீர் வேண்டாம். அதை விருதுநகரை அடுத்த சூலக்கரைத் தொழிற்பேட்டையில் அமைக்கலாம். வெளுப்பாலைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு தேவை. அதற்கு இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் அமையும் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காவில் இடம் கேட்க வேண்டும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் பொது வசதி மையங்களுக்கு நிதி உண்டு. தொழில்முனைவோர் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கி விண்ணப்பிக்க வேண்டும். புதிய பொருள் உருவாக்குவோருக்கு, 1,480 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின் கிரேட் திட்டத்தில் 50 லட்சம் வரை மானியம் கிடைக்கும்.

பூங்காவில் பெரிய ஆலைகளுக்கு மனை பிரிப்பதற்கு முன்பே சத்திரப்பட்டிச் சங்கங்கள் திட்ட அறிக்கையுடன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும்.