வீடாகிவிட்ட வேனுக்கு எவ்வளவு காற்று?

இங்கிலாந்தில் பழைய வேனை வீடாக்குவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. கூரியர்காரரோ பிளம்பரோ ஓட்டித் தேய்த்த ஃபோர்டு ட்ரான்சிட், ஃபியட் டுகாட்டோ மாதிரி ஒன்றை வாங்குவார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கூரை மேல் சோலார் பலகை... எல்லாம் முடிந்ததும் ஸ்காட்லாந்து மலைப்பக்கம் கிளம்பிவிடுவார்கள். இதற்குப் பெயர் கேம்பர் வேன். மரவேலைக்கு ஆறு மாதம், திரைச்சீலை நிறத்துக்கு ஆறு வாரம் செலவாகும். டயருக்கு? கிளம்புகிற அன்று காலை பெட்ரோல் பங்கில் ஆறு நிமிடம்!

அந்த ஆறு நிமிடத்தில் காற்றின் அளவு எப்படி முடிவாகிறது என்பதுதான் வேடிக்கை. ஒருவர் கதவோரம் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரைப் பார்ப்பார். இன்னொருவர் பக்கத்தில் நிற்கும் வேன்காரரிடம் "நீங்கள் எவ்வளவு வைக்கிறீர்கள்?" என்று கேட்பார். மூன்றாமவர் போன தடவை தட்டு டம்ளரெல்லாம் கடகடவென்று ஆடியதே என்று பத்து பி.எஸ்.ஐ. குறைத்துவிடுவார். இந்த மூவரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. வேனை எடை போடவில்லை.

ஸ்டிக்கர் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது வேறொரு வண்டியைப் பற்றி. தொழிற்சாலையை விட்டு வந்தபோது அந்த வேனில் எந்த அளவு டயர் இருந்ததோ, எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று கணக்கிட்டார்களோ, அதற்கான எண் அது. சில ஸ்டிக்கரில் குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். "நாம் சரக்கா ஏற்றுகிறோம்? வண்டி காலிதானே" என்று குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வண்டி காலியா? கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பழைய ஈய பேட்டரி இரண்டு வைத்தால் 50 கிலோ. 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் முழுப்பலகை ஒன்று 20 கிலோவைத் தாண்டும். அலமாரி, கட்டில், தரை என்று பத்துப் பலகை போனால் 200 கிலோ ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர், மெத்தை, பாத்திரம் இன்னும் கணக்கில் வரவில்லை. மனிதர்களும் நாயும் ஏறவே இல்லை!

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கூரியர் வேன் காலையில் நிறைந்திருக்கும், மாலையில் காலியாகிவிடும். அதன் டயருக்கு ஓய்வு உண்டு. கேம்பர் வேன் அந்தச் சுமையை ராத்திரி பகலாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே பாகம் தரையில் அழுந்தியபடி நிற்கிறது. இதற்காகவே பக்கச்சுவரைப் பலப்படுத்தி 'சி.பி.' என்று எழுத்துப் பொறித்த தனி டயர்களே வந்தன.

சுமையைத் தாங்குவது ரப்பர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. கம்பியை அதே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் சூடாகுமே, அதே கதைதான். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும்போது அந்தச் சூடு உள்ளடுக்குகளைப் பிரித்துவிடும். அப்போது வெடிப்பது பின்சக்கரம். உருள்வது ஒரு குடும்பம் தூங்கும் வீடு.

இது கற்பனை பயமில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் ஏறக்குறைய 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரிலேயே குறை இருந்தது விசாரணையில் தெரிந்தது. ஆனால் ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பி.எஸ்.ஐ., டயர் கம்பெனி வேண்டும் என்றது 30. நாலே நாலு பி.எஸ்.ஐ.க்குச் சண்டை முற்றி, நூறாண்டை நெருங்கிய வியாபார உறவு 2001-இல் முறிந்தது. (மார்க்கெட்டிங் வகுப்பில் பிராண்ட் நம்பிக்கை பற்றிப் பாடம் எடுப்பவர்கள் இதை விடக்கூடாது!) காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அங்கே கட்டாயமானது இதற்குப் பிறகுதான். அந்த விளக்கும் பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால்தான் எரிந்தாக வேண்டும் என்பது விதி. அதை நம்பி உட்கார முடியாது.

சரி, எடை போடுவது எப்படி? எடை மேடை என்பது நெல் லாரியும் கரும்பு லாரியும் ஏறி நிற்குமே, அதேதான். அங்கேயும் பொது எடை மேடைகள் இருக்கின்றன. தண்ணீர், டீசல், கேஸ் நிரப்பி, பயணத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்ற வேண்டும். பிறகு முழு வண்டி. கடைசியாகப் பின் சக்கரங்கள் மட்டும். மொத்த எடை மட்டும் போதாது. டயருக்குத் தேவை ஒவ்வொரு ஆக்ஸிலின் எடை.

ஏன் என்று ஒரு கணக்கு. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 4 மீட்டர் உள்ள வேன். பின் ஆக்ஸிலுக்கு 2 மீட்டர் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டும் சைக்கிள்களுமாக 60 கிலோ தொங்குகிறது. பின் ஆக்ஸிலில் கூடுவது 60 இல்லை, 90 கிலோ! மீதி 30 எங்கிருந்து வந்தது? முன் ஆக்ஸிலில் இருந்து. ஏற்றப்பலகை விளையாட்டு போலத்தான். பக்கவாட்டிலும் இதே தொல்லை உண்டு. அடுப்பு, ஃப்ரிட்ஜ், தொட்டி எல்லாம் ஒரே பக்கம் அமைந்துவிட்டால் அந்தப் பக்கத்து டயர் அதிகம் சுமக்கும். அப்போது கனமான பக்கத்துக்குத் தேவையான அளவையே இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்.

இந்த எடைகள் கையில் வந்ததும் டயரில் உள்ள சுமை எண்ணோடு ஒப்பிடலாம். 116 என்றால் ஒரு டயர் 1250 கிலோ தாங்கும், ஜோடி 2500. எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்பதற்கு டயர் கம்பெனிகளிடம் அட்டவணை இருக்கிறது. அதில் வரும் எண்ணுக்கு மேல் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது. ஆக்ஸிலின் அனுமதிக்கப்பட்ட எடையையே தாண்டியிருந்தால் எந்தக் காற்றும் காப்பாற்றாது. சாமானை இறக்கத்தான் வேண்டும்.

இங்கேதான் உண்மையான வாதம் வருகிறது. சி.பி. டயருக்குப் பின்சக்கரத்தில் 5.5 பார், அதாவது 80 பி.எஸ்.ஐ. என்று சொல்வார்கள். கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. கல் மேல் ஓட்டுவது போல இருக்கிறது, அலமாரி ஆணி கழல்கிறது, டயர் நடுவில் மட்டும் தேய்கிறது என்கிறார்கள். எல்லாமே நியாயமான புகார்கள். ஆனால் அந்த 80 என்பது எடை தெரியாத வண்டிக்கு, மோசமான நிலையை நினைத்து வைத்த எண். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஸ்டிக்கர் ஸ்டாண்டர்ட் காஸ்ட், எடை மேடைச் சீட்டு ஆக்சுவல். ஆக்சுவல் கையில் இல்லாமல் எந்த தைரியத்தில் பட்ஜெட்டைக் குறைப்பது? குறைக்கிற உரிமை எடை போட்டவருக்கு மட்டுமே. மற்றவர்கள் கடகட சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு முழுச் சுமை எண்ணிலேயே ஓட்டட்டும்.

அளப்பதிலும் ஏமாற இடமுண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். 65 பி.எஸ்.ஐ. உள்ள டயர் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து ஓட்டத்தின் நடுவே காற்றை இறக்கினால், மறுநாள் காலை டயர் பசியோடு நிற்கும்.

எடை போட்டு முடித்தவர் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தாள்: முன் ஆக்ஸில் இவ்வளவு, பின் ஆக்ஸில் இவ்வளவு, காற்று இவ்வளவு, எடை போட்ட தேதி. அடுத்த வருடம் இன்னொரு பேட்டரியோ, கூரையில் ஒரு கூடாரமோ ஏறினால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் மேடைக்குப் போக வேண்டும்.