பூங்காவைத் திறப்பதென்றால் நாள் முழுக்கத் திறக்க வேண்டும்

பொதுப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், கடற்கரைகள் குறித்து எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு
சென்னை, ஜூன் 18, 2021

இம்மாதம் 14ஆம் தேதி முதல் சென்னை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் திறக்கப்பட்டிருக்கின்றன. காலை 6 மணி முதல் 9 மணி வரை, நடைப்பயிற்சிக்கு மட்டும். ஏப்ரல் 20 முதல் பூட்டிக் கிடந்தவற்றைத் திறந்ததற்கு அரசுக்கு நன்றி. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியான மாநிலம் இது. இப்போதுதான் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்ற வாரங்களை யாரும் மறக்கவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பலர் சொந்த வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். அந்தத் துயரத்தோடுதான் இதைச் சொல்கிறோம்: மூன்று மணி நேரம் போதாது. அது மட்டுமில்லை, நோயைத் தடுக்க நினைத்து விதித்த இந்த மூன்று மணி நேரக் கட்டுப்பாடே கூட்டத்தைச் சேர்க்கிறது.

நாங்கள் நடைப்பயிற்சிக்கு வருவோர், குடியிருப்போர் சங்கத்தினர், மருத்துவர்கள் சிலர், பூங்காக்களில் தோட்ட வேலையும் காவலும் செய்பவர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை, எல்லாப் பூங்காக்களையும், எல்லா வாயில்களோடும், குழந்தைகள் உள்பட எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

இந்த நோய் எங்கே பரவுகிறது என்பது 2020 மார்ச்சில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அன்று எல்லாவற்றையும் பூட்டியதில் குறை சொல்ல எதுவுமில்லை. இன்று நிலைமை வேறு. சீனாவில் 2020 தொடக்கத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோருக்குத் தொற்றிய 318 நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். அத்தனையும் கூரைக்குக் கீழே நடந்தவை. திறந்தவெளியில் தொற்றியதாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சம்பவம், அதில் இரண்டு பேர். அயர்லாந்தில் இந்த ஆண்டு மார்ச் 24 வரை பதிவான 2,32,164 தொற்றுகளில் திறந்தவெளியோடு தொடர்புபடுத்த முடிந்தவை 262. யாரிடமிருந்து தொற்றியது என்று கண்டுபிடிக்க முடியாதவர்கள் எந்த நாட்டிலும் நிறைய உண்டு. ஆகவே இந்த எண்களைக் கடைசி இலக்கம்வரை நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் வெளியில் இருப்பதைவிட உள்ளே தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 19 மடங்கு என்றுதான் சொல்கிறார்கள். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் மூலம் இந்நோய் பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இந்த ஆண்டு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுவிட்டன. மூடிய அறையில் அந்தத் துளிகள் தங்கிச் சேரும். வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும். மாலை மூன்று மணிக்கு மேல் கடற்காற்று வீசும் இந்த ஊரில் இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

திறந்தவெளி என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பு என்றும் நாங்கள் நினைக்கவில்லை. கோயம்பேடு சந்தையை நினைவில் வைத்திருக்கிறோம். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்புதான் அறிவித்தார்கள். 25ஆம் தேதி நகரமே காய்கறிக்கும் மளிகைக்கும் பாய்ந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, குரலை உயர்த்திப் பேரம் பேசி, மூட்டை சுமந்த கூட்டம் அது. அடுத்த சில நாட்களில் கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய தொற்று மாவட்டம் மாவட்டமாகப் போனது. மே 5ஆம் தேதி சந்தையையே மூடி, திருமழிசைக்கு மாற்ற வேண்டிவந்தது. இந்த ஆண்டும் மே 24 ஊரடங்குக்கு முந்திய இரண்டு நாட்களில் கடைத்தெருக்களும் பேருந்து நிலையங்களும் எப்படி இருந்தன என்று எல்லோரும் பார்த்தோம். நேரத்தைக் குறுக்கினால் தேவை குறைவதில்லை. அதே ஆட்கள் அந்தக் குறுகிய நேரத்துக்குள் வந்து நெருக்கியடிக்கிறார்கள். கடைத்தெரு கற்றுக்கொடுத்த இந்தப் பாடத்தைப் பூங்காவுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

இந்த வாரம் நகரின் எந்தப் பூங்காவுக்கும் காலை ஆறே முக்காலுக்குப் போய்ப் பார்க்கலாம். பெரிய இரும்பு கேட் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். பக்கத்தில் ஒருவர் மட்டும் உடம்பைத் திருப்பி நுழையக்கூடிய சின்ன வழி. அதன் வழியாகத்தான் உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் போக வேண்டும். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வருபவரின் முகமும், உள்ளே நுழைபவரின் முகமும் ஒரு சாண் இடைவெளியில் கடக்கின்றன. உள்ளே நடைபாதையில் ஆறடிக்கு ஆறு பேர். ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது காவலாளி விசில் ஊதுகிறார்; அத்தனை பேரும் அதே சின்ன வழிக்கு வருகிறார்கள். பெரிய கேட்டைத் திறந்து வைத்து, நேரத்தை இரவுவரை நீட்டினால் இந்த நெரிசல் பாதியாகக் குறையும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆறிலிருந்து ஒன்பதுவரை யாருக்கு வசதி என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்றவர்களுக்கும், வீட்டில் வேறு ஆள் சமைத்துத் தருபவர்களுக்கும் வசதி. நம் வீடுகளில் பெண்கள் அடுப்படியில் நிற்கும் நேரம் அது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரம். தூய்மைப் பணியாளர்கள் தெருவில் இருக்கும் நேரம். கடைச் சிப்பந்திக்கு மாலை 5 மணிக்குக் கடை மூடிய பிறகுதான் மூச்சுவிட முடியும், அப்போது பூங்கா பூட்டியிருக்கும். கண்ணகி நகரில் இருநூறு சதுர அடி வீட்டுக்குள் ஐந்தாறு பேர் இருக்கும் குடும்பத்துக்கு வெளிக்காற்று ஆடம்பரம் கிடையாது. அந்த வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் எல்லோருக்கும் வருகிறது. பகலில் இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார இடம் கிடைத்தால், அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்காமல் இருப்பார்கள்.

இதே ஜூன் 14 முதல், இதே 27 மாவட்டங்களில், டாஸ்மாக் கடைகள் காலை 10 மணி முதல் மாலை 5 மணிவரை ஏழு மணி நேரம் திறந்திருக்கின்றன. வருவாய்க்காக அரசு அந்த முடிவை எடுத்திருக்கலாம். கடை வாசலில் வட்டம் போட்டு, தடுப்புக் கட்டி, போலீஸ் நிறுத்திக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த முடியும் என்று அரசு நம்புகிறது. அதே நம்பிக்கையைப் பூங்காவின் மீதும் வைக்கும்படி கேட்கிறோம்.

அடுத்தது குழந்தைகள். இந்த அறிக்கையை எழுத எங்களைத் தூண்டியதே அவர்கள்தான். ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகள் 2020 மார்ச்சுக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. பதினைந்து மாதம். வகுப்பு செல்போனில், நண்பன் செல்போனில், விளையாட்டும் செல்போனில். அப்படியிருக்க, திறந்த பூங்காக்களிலும் ஊஞ்சல் சங்கிலிகளை மேல் கம்பியில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள். சறுக்குமரத்தின் படிக்குக் குறுக்கே நைலான் கயிறு. அப்பாவோடு வந்த ஐந்து வயதுப் பெண் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், எந்த நோய்க்கு எதிராக இந்தக் கயிறு என்று கேட்கத் தோன்றுகிறது. தொட்ட பொருள் வழியாகத் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. ஸ்பெயினில் சென்ற ஆண்டு ஆறு வாரம் குழந்தைகளை வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைத்திருந்து, ஏப்ரல் 26 அன்று வெளியே விட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் டிசம்பரில் விளையாட்டுத் திடல்களை மூடிய சில நாட்களிலேயே, பெற்றோரின் எதிர்ப்பைக் கேட்டு மீண்டும் திறந்தார்கள். கயிறுகளை அவிழ்க்க வேண்டும். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் சோப்பும் வைத்தால் போதும். வியாசர்பாடி போன்ற பகுதிகளில் பந்தாடும் பையன்களுக்குத் திடலையும் திறக்க வேண்டும். திடல் இல்லாவிட்டால் அவர்கள் விளையாடாமல் இருப்பதில்லை. மூடிய மாடி அறையில் கேரம் போர்டைச் சுற்றி உட்காருகிறார்கள்.

தண்ணீர் வசதியிலும் கழிவறையிலும் கவனம் வேண்டும். பூங்காவுக்குள் மூடிய அறை என்று ஒன்று உண்டென்றால் அது கழிவறைதான். பல இடங்களில் அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். பூட்டினால் பெண்களும் முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் வர மாட்டார்கள். திறந்து வைத்து, ஜன்னல் மறைப்புகளை எடுத்துவிட்டு, உள்ளே ஒருவர் வெளியே மற்றவர் என்று முறைப்படுத்த வேண்டும். பெஞ்சுகளின் மேல் கிருமிநாசினி தெளிக்கும் வேலையை நிறுத்திவிட்டு அந்த ஆட்களைக் கழிவறைப் பராமரிப்புக்கு மாற்றலாம். வெளியிடங்களில் மருந்து தெளிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. தெளிப்பவரின் நுரையீரலுக்கும் அது நல்லதல்ல.

மாஸ்க் விஷயத்தில் எங்கள் நிலை இது. வாயிலிலும், சேர்ந்து பேசிக்கொண்டு நடக்கும்போதும், பெஞ்சில் அருகருகே உட்காரும்போதும் மாஸ்க் கட்டாயம். ஆளில்லாத ஓரத்தில் தனியாக ஓடுபவரை விரட்டிப் பிடித்து 200 ரூபாய் அபராதம் போட வேண்டாம். கூட்டமாகச் சேர்ந்து உரக்கச் சிரிக்கும் சிரிப்பு யோகாவை இன்னும் சில காலம் தள்ளிவைக்கும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அருகம்புல் சாறும் முளைகட்டிய பயறும் விற்பவர்களை விரட்டக் கூடாது, பூங்காக்கள் பூட்டிக் கிடந்த நாட்களில் அவர்களுக்கு வருமானமே இல்லை. ஒரே வாசலில் எல்லோரும் நிற்காமல் மதில் நெடுக இடம்விட்டு நிற்க மாநகராட்சி இடம் குறித்துத் தரட்டும். ரேஷன் கடை வாசலில் போட்ட வட்டங்களைப் புல்வெளியிலும் சுண்ணாம்பால் போடலாம். நியூயார்க்கின் டோமினோ பூங்காவில் சென்ற ஆண்டு மே மாதம் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வட்டம். தடுப்பூசிச் சான்று கேட்டு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஊசி போடவே இன்னும் பெரும்பாலோருக்கு வாய்ப்பு வரவில்லை. தடுப்பூசி முகாமையே பூங்கா மரத்தடியில் நடத்தினால், மூடிய கூடத்தில் காத்திருக்கும் ஆபத்தும் குறையும்.

எல்லாப் பூங்காக்களையும் ஒரே நேரத்தில் திறப்பது முக்கியம். மாநகராட்சியிடம் எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. தெருமுனையில் உள்ள சிறிய பூங்கா பூட்டியிருந்தால் மக்கள் அண்ணாநகர் டவர் பூங்காவுக்கும் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கும்தான் போவார்கள். பேருந்து ஓடாத இந்த நாட்களில் நடந்து போகும் தூரத்தில் பூங்கா இருப்பதுதான் பயன். குடியிருப்போர் சங்கங்களின் கையில் சாவி இருக்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டு (ஓ.எஸ்.ஆர்.) நிலங்களும் இதில் சேரும். பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அது ஊருக்குச் சொந்தமான நிலம். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் வருவார்கள் என்ற பயத்தில் கொரோனாவைக் காரணம் காட்டிப் பூட்டு போடுவதை எங்கள் உறுப்பினர் சங்கங்கள் உட்பட யார் செய்தாலும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

மெரினாவையும் திறக்க வேண்டும். சுமார் 6 கிலோமீட்டர் மணல்வெளி அது. கடந்த முறை 2020 டிசம்பர் 14 வரை, ஏறக்குறைய ஒன்பது மாதம் மூடிக் கிடந்தது. ஞாயிறு மாலையும் விடுமுறை நாட்களும் வேறு கதை. அந்த நேரங்களில் கூட்டத்துக்கு வரம்பு வைப்பதை ஆதரிக்கிறோம். கேளிக்கைப் பூங்காக்கள், திறந்தவெளி மேடை நிகழ்ச்சிகள் இப்போதைக்கு வேண்டாம். வண்டலூர் உயிரியல் பூங்காவும் மூடியே இருக்கட்டும். ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் அங்கே கொரோனாவில் இறந்தது, மேலும் பல சிங்கங்களுக்குத் தொற்று இருக்கிறது. அங்கே காக்க வேண்டியது மனிதர்களை மட்டுமல்ல.

மூன்றாவது அலை வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: முதலில் மூட வேண்டியவை ஏ.சி. போட்ட கூடங்கள், மண்டபங்கள், மாநாடுகள். அதற்கும் பிறகு தேவைப்பட்டால் பூங்காவில் குழுவாகக் கூடுவதைத் தடை செய்யலாம். ஒருவர் தனியாகவோ தன் வீட்டாரோடோ நடக்கும் உரிமையைக் கடைசியில்தான் தொட வேண்டும். மூடுவதை இரவோடு இரவாக அறிவிக்கவும் கூடாது.

தற்போதைய ஊரடங்கு 21ஆம் தேதி காலை 6 மணிக்கு முடிகிறது. அடுத்த உத்தரவு இந்த இரண்டு மூன்று நாட்களில் வரும். அதில் பூங்காக்கள் பற்றிய வரியை இப்படி மாற்றும்படி முதலமைச்சரையும் மாநகராட்சி ஆணையரையும் கேட்டுக்கொள்கிறோம்: உள்ளாட்சி அமைப்புகளின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், கடற்கரைகள் ஆகியவை காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை, அனைத்து வாயில்களும் திறந்த நிலையில், குழந்தைகள் உட்பட அனைவருக்கும் அனுமதிக்கப்படும். வாயிலில் நின்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பவும், சோப்பு தீர்ந்தால் வாங்கி வைக்கவும் எங்கள் தொண்டர்கள் முறைவைத்து வருவார்கள். எந்தப் பூங்காவுக்கு எத்தனை பேர் தேவை என்று மண்டல அலுவலகங்கள் பட்டியல் தந்தால், 21ஆம் தேதி காலை 5 மணிக்கே அவர்கள் வாயிலில் நிற்பார்கள்.