பூட்டும் திறவுகோலும்

சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனம் ஒன்று, 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ‘பாரோஸ்’ என்னும் கைப்பேசி இயங்குதளத்தை வெளியிட்டது. அந்நாளிற் பள்ளி மாணவராயிருந்த யாம், அதனை எம் கைப்பேசியில் அமைத்துக்கொள்ளலாமென்று களித்தோம். அஃது எல்லாக் கருவிகளிலும் இயங்குவதன்று எனப் பின்னரே அறிந்தோம். இஃது ஆக்கியோரின் குறையென்பர் சிலர். அக்கூற்றை யாம் உடன்படோம்.

கணினியின் உறுப்புகள் தம்மை இன்னவையென இயங்குதளத்திற்கு உணர்த்தும் பொதுமுறை நெடுங்காலமாக உண்டு. ஆதலின், சென்னை சிடாக் ஆக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு ஒருங்கே குடியிருக்க முடிந்தது. கைப்பேசிக்கு அத்தகைய பொதுமுறை இல்லை. ஆண்டிராய்டின் மூலநிரல் பலர்க்கும் பொதுவேயெனினும், கேமரா முதலிய உறுப்புகளை இயக்கும் நிரல்கள் வகைக்கு வகை வேறு; அவற்றுட் பல, செய்தோரின் மறைபொருள்.

இதனினும் பெரிய தடை பூட்டே. நமக்கு அண்மையிலுள்ள திண்டுக்கல்லிற் பூட்டு வாங்குவோர் திறவுகோலையும் உடன் பெறுவர். பூட்டை விற்றுவிட்டுத் திறவுகோலைத் தம் மடியிற் செருகிக்கொள்ளும் கொல்லரை எவரேனும் பொறுப்பரோ? கைப்பேசி செய்வோர் பலர் செய்வது அதுவேயாம். கருவி விழித்தெழும்போது முதலில் இயங்கும் சிறுநிரல், செய்தோரின் முத்திரை பெற்ற இயங்குதளத்தையே உள்ளே விடும். சில கருவிகளிற் பூட்டைத் திறக்கலாம். ஆயின் நம் திறவுகோலால் மீண்டும் பூட்டல் இயலாது. கதவு திறந்துகிடக்கும் வீட்டிற் காவல் ஏது? ‘கிராபீன்’ என்னும் இயங்குதளத்தார் பல்லாண்டுகளாகக் கூகுள் பிக்சல் கருவிகளையே தெரிந்துகொண்டமைக்கு, அவற்றில் அங்ஙனம் மீளப் பூட்டவியல்வது ஒரு தலையாய காரணம்.

அக்கருவியை வாங்கும் பொருள் வைகைக்கரைச் சிற்றூர்களினின்று பயில வரும் எம்மனோர்க்கு ஏது? எம் கைப்பேசியின் உறுப்பெல்லாம் நலமே. எனினும் செய்தோர் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்டனர். பூட்டைத் திறக்கும் வழி கேட்டெழுதிய மடலுக்கு மறுமொழியும் இல்லை. அக்காவலற்ற கருவியிலேதான் விடுதிக் கட்டணமும் செலுத்துகின்றோம். வீட்டார் அனுப்பும் பணமும் பெறுகின்றோம்.

திறவுகோலைக் கொடுப்பிற் கள்வரும் பயன்கொள்வர் என்பாருமுளர். பூட்டைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் செய்திகளெல்லாம் அழியுமாறு பிக்சல் முதலியவற்றில் அமைத்துள்ளனர். கள்வர்க்கு உடையவரின் செய்தி ஒன்றும் கிட்டாது. அம்முறையைப் பிறரும் கைக்கொள்ளத் தடை யாது?

திருத்தம் அனுப்புதலை நிறுத்தும் நாளிலேனும், திறவுகோலையும் உறுப்புகளின் விவரத்தையும் உடையவர்க்கு அளித்தல் வேண்டுமெனச் சட்டம் கட்டளையிடுதல் வேண்டும். இயங்குதளம் ஆக்கும் அறிஞர் நம் நாட்டில் உளர். அவர் ஆக்கியது குடிபுகும் வீட்டின் திறவுகோல் மட்டும் பிறர் மடியில் இருத்தல் முறையன்று.