குதிரை இல்லாத படை



சாய்ந்தமருதிலிருந்து ஓர் உம்மா கடிதம் எழுதியிருந்தார். மகன் இஷா தொழுதுவிட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிடுகிறானாம். இந்த கேம்களைக் கண்டித்து நாலு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். எழுதத்தான் உட்கார்ந்தேன். கண்டிப்பதற்கு முன் அது என்னதான் என்று ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று கல்முனையில் தங்கை வீட்டுக்குப் போனேன். பிழை அங்கேதான் நடந்தது.

தங்கை மகன் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்தது ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’. 1999இல் வந்த ஆட்டம்; 2019இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022இல் வந்த இணைப்பில் திராவிடர் என்றொரு தரப்பும், இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் சேர்ந்தன. அந்தத் தரப்பை எடுத்து ஆடினால் திரையில் நடமாடும் குடியானவர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். அடுத்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என்னை எழுந்து வரவைத்தது அந்தக் குரல்தான்.

ஆட்டம் வழக்கமாகத் தொடங்கும்போது கையில் இருப்பது மூன்று குடியானவர், குதிரையில் ஓர் ஒற்றன், 200 உணவு, 200 மரம், 100 பொன், 200 கல். சுற்றிலும் இருட்டு. இன்னொரு குடியானவன் வேண்டுமென்றால் 50 உணவு போகும். ஐந்து பேருக்கு இடம் தரும் வீட்டுக்கு 25 மரம். வயல் போட்டால் படைக்கு மரம் போதாது. படை திரட்டினால் நாளைய சாப்பாட்டுக்கு வழியில்லை. விதைநெல்லில் கைவைக்கலாமா கூடாதா என்று கணக்குப் பார்த்து வளர்ந்த அம்பாறைக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சண்டையும் அப்படித்தான். குதிரை வீரன் வில்லாளியை வீழ்த்துவான், வில்லாளி ஈட்டிக்காரனை வீழ்த்துவான், அந்த ஈட்டிக்காரனிடம் குதிரை வீரன் விழுவான். எல்லோரையும் வெல்லும் படை என்று ஒன்று கிடையாது. எதிரி எதைத் திரட்டுகிறான் என்று தெரியாமல் நாம் எதைத் திரட்டினாலும் வீண். அதனால் அந்த ஒற்றைக் குதிரைக்காரனை இருட்டுக்குள் அனுப்பி வேவு பார்க்க வேண்டியிருக்கிறது.

திராவிடத் தரப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் குறைதான். கவசம் பூண்ட கனத்த குதிரை வீரர்களை அவர்களால் உருவாக்கவே முடியாது. பதிலுக்குக் கப்பலும் காலாட்படையும் பலம். ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும். ஆட்டத்தைச் செய்தவர்கள் வரலாறு படித்திருக்கிறார்கள். தமிழ்க் கரையில் குதிரை நன்றாகப் பெருகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் குதிரைகளைக் கப்பலில்தான் தருவித்தார்கள். மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அரபுக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த அந்தக் குதிரைகளைக் காயல் துறையில் இறக்கியவர்களில் முஸ்லிம் வணிகர் பலர். மருமகனிடம் இதைச் சொன்னேன். “அப்ப நம்மட ஆக்கள்தான் குதிரை வித்தாங்களா மாமா?” என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னிடம் கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை.

குறையே இல்லாமல் ஆடவும் ஒரு வழி இருக்கிறது. ஒரு ரகசியச் சொல்லைத் தட்டினால், வாளும் வில்லும் மோதும் களத்தில் துப்பாக்கி பூட்டிய கார் ஒன்று வந்து நிற்கும்! அடித்து நொறுக்கலாம். மருமகன் அதையும் செய்து பார்த்திருக்கிறான். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டதாம்.

போனில் ஆடுகிற பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் வெறுமனே சுடுவதுதான் என்று நினைத்திருந்தேன். பப்ஜியில் வழக்கமாக நூறு பேர் இறங்குகிறார்கள், ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர். ஆனால் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பது ஆடுகிறவர்கள் உள்ளேயே நிற்க வேண்டிய, சுருங்கிக்கொண்டே வரும் வட்டம். முந்திப் போய் நல்ல இடம் பிடிப்பதா, பிந்திப் போய் மற்றவர்களை மோதவிடுவதா? நாங்கள் கிளித்தட்டில் செய்ததும் இதுதான். கோட்டில் நிற்பவன் கோட்டை விட்டு வரமாட்டான். கிளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, ஒருவன் போக்குக் காட்ட மற்றவன் பாய்வான். ஓடத் தெரிந்தவனை விட நிற்கத் தெரிந்தவன்தான் அதிகம் கடந்தான். ஒரு வித்தியாசம், கிளித்தட்டு எங்களிடம் காசு கேட்டதில்லை. இந்த கேம்கள் உடுப்புக்கும் வைரத்துக்கும் காசு கேட்கின்றன. அந்த உம்மா கண்டிக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே நானும் அவர் பக்கம்.

கடைசியில் மருமகன் கதிரையை விட்டு எழுந்து என்னை உட்கார வைத்தான். எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன்: வயலுக்குப் பக்கத்தில் வயலாகப் போட்டுக்கொண்டே போனேன். திரை முழுக்கப் பயிர்.

“வயலெல்லாம் நல்லாரிக்கி மாமா. காவலுக்கு ஆள் எங்க?”

“இரி மகன், அறுவடை முடியட்டும்.”

அறுவடை முடியவில்லை. எதிரி வந்தது குதிரையில். அடுத்த மூன்று இரவும் தங்கை வீட்டில்தான் இருந்தேன். இந்த இதழ் இரண்டு நாள் பிந்தி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பழியை அச்சகத்தார் மேல் போட மனம் வரவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்