விமானத்தில் தமிழில் சொன்னால் என்ன?

குழந்தைகளே, விமானத்தில் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் பரவாயில்லை. நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அண்ணனோ, மாமாவோ, சித்தப்பாவோ துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோல் வியாபாரத்துக்காக இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் பறப்பவர்களும் இங்கே உண்டு. ஆகவே என்றாவது ஒருநாள் நீங்களும் ஏறுவீர்கள். அப்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதற்கு முன்னால், காலுக்குக் கீழே ஒருமுறை பாருங்கள்.

நடைபாதை ஓரத்தில், தரையோடு தரையாக ஒரு பட்டை நீளமாக ஓடும். சில விமானங்களில் அது சின்னச் சின்ன விளக்குகளின் வரிசை. சிலவற்றில் மின்சாரமே வேண்டாத பட்டை. கடிகார முள் இருட்டில் பச்சையாக மினுங்குமே, அதே வித்தைதான். மேலே எரியும் விளக்கின் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். விளக்கு அணைந்ததும் தான் ஒளிரும்.

விளக்கை உயரத்தில் வைப்பதுதானே வழக்கம்? ஏன் காலடியில் வைத்தார்கள்?

1983 ஜூன் 2 அன்று, அமெரிக்காவின் டல்லாஸிலிருந்து கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஏர் கனடா விமானத்தில், பின்பக்கக் கழிப்பறையில் தீப்பிடித்தது. விமானி சாமர்த்தியமாகச் சின்சினாட்டி விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். ஆனால் உள்ளே கரும்புகை. மேலே இருந்த விளக்கு எதுவும் தெரியவில்லை. இருந்த 46 பேரில் 23 பேர் வெளியே வரவே இல்லை. சூடான புகை மேலே போகும். விறகடுப்பு புகையும்போது பாட்டி ஏன் குனிந்து உட்கார்ந்து ஊதுகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? கீழேதான் கொஞ்சம் நல்ல காற்றும், கொஞ்சம் பார்வையும் மிஞ்சும். அதனால்தான் 1984இல் அமெரிக்கா, தரை ஓரத்தில் வழிகாட்டும் வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி போட்டது. பிறகு உலகம் முழுவதும் அது வந்துவிட்டது. விமானத்தின் மின்சாரம் முழுவதும் போனாலும் அவசர விளக்குகள் தனி பேட்டரியில் குறைந்தது 10 நிமிடம் எரிய வேண்டும் என்பதும் விதிதான்.

பெரிய விமானம் ஒன்றைப் புதிதாகச் செய்தால் பரீட்சையும் உண்டு! இருட்டில், பாதிக் கதவுகளை மூடிவிட்டு, அவசர விளக்கை மட்டும் எரியவிட்டு, எல்லோரும் 90 விநாடிக்குள் வெளியேற வேண்டும். 2006இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏ380 விமானத்தில் இருந்து 873 பேர் 78 விநாடியில் இறங்கிக் காட்டினார்கள். நம் பள்ளியில் மணி அடித்ததும் ஓடுவதைவிட வேகம்!

வெளிச்சத்துக்கு இன்னொரு பெருமை, அதற்கு மொழி கிடையாது. பழைய விமானங்களில் கதவுக்கு மேலே சிவப்பு நிறத்தில் ஆங்கிலத்தில் 'எக்ஸிட்' என்று எரியும். புதிய விமானங்கள் பலவற்றில் அந்த எழுத்து போய், கதவை நோக்கி ஓடும் பச்சை மனிதன் வந்துவிட்டான். இந்தப் படத்தை வரைந்தவர்கள் ஜப்பானியர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். உங்கள் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்பவரானால், அங்கே கதவுக்கு மேலே அவன் ஓடுகிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு மொழி இல்லை, சரி. ஒலிபெருக்கிக்கு? அங்கேதான் எனக்கு வருத்தம்.

சில வருடங்களுக்கு முன், மகளைப் பார்க்க மஸ்கட் போனேன். பக்கத்துச் சீட்டில் பேரணாம்பட்டைச் சேர்ந்த ஒரு பாட்டி. முதல் விமானப் பயணம். பணிப்பெண் சீட் பெல்ட்டையும் ஆக்சிஜன் முகமூடியையும் காட்டிக் கையை ஆட்ட, ஒலிபெருக்கி ஆங்கிலத்திலும் இந்தியிலும் அரபியிலும் பேசியது. பாட்டி என் கையைத் தட்டி, "இன்னா சார் சொல்றா அந்தப் பொண்ணு?" என்றார். கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்று மணி ஒலித்ததும், ஊர் வந்துவிட்டது என்று பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தே விட்டார்! எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த விமானத்தில் ஏதாவது ஆகிவிட்டால், இந்த அம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யார் சொல்வார்கள்? சென்னையில் கிளம்பிய விமானம் அது. என் வரிசையில் எல்லோரும் தமிழர்கள்.

இது வெறும் பயம் இல்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம், கொட்டும் மழையில் கோழிக்கோடு ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்து விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். நம் வீட்டு ஆட்கள் போய்வருவதும் இதுபோன்ற வளைகுடா விமானங்களில்தானே?

சில விஷயங்களைப் படம் காட்டாது, சொன்னால்தான் புரியும். லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள்ளேயே ஊதிவிடக் கூடாது, கதவை விட்டு வெளியேறும்போதுதான் ஊத வேண்டும். ஏன் தெரியுமா? உள்ளே தண்ணீர் புகுந்தால், ஊதிய ஜாக்கெட் ஆளைக் கூரையோடு ஒட்டிவிடும். முங்கி வெளியே வர முடியாது. 1996இல் எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமொரோ தீவுக் கடலில் விழுந்தபோது அப்படித்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நல்ல சாட்சியும் இருக்கிறது. 2024 ஜனவரி 2. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றியது. அந்தச் சிறிய விமானத்தில் இருந்த ஐந்து பேர் இறந்தது பெரிய துயரம். ஆனால் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள்! இத்தனைக்கும் ஒலிபெருக்கி கெட்டுப்போய்விட்டது. எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் குரலிலும் கத்தியே வழி நடத்தினார்கள். பயணிகள் பையை எடுக்கப் போகாமல், சொன்னபடி கேட்டு இறங்கினார்கள். சொன்னது புரிந்ததால்தானே கேட்டார்கள்?

"இந்தியாவில் எத்தனை மொழி! எல்லாவற்றிலும் சொல்ல முடியுமா?" என்று விமான நிறுவனங்கள் கேட்கலாம். எல்லா மொழியிலும் வேண்டாம் ஐயா. சென்னை, திருச்சி, மதுரை, கோவையிலிருந்து கிளம்பும் விமானத்தில், அங்கே வந்து சேரும் விமானத்தில், தமிழில் சொல்லுங்கள். பதிவு செய்து வைத்தால் பொத்தானை அழுத்தும் வேலைதான். விமான நிலையங்களில் முதலில் உள்ளூர் மொழியில் அறிவிக்க வேண்டும் என்று 2018 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நிலையத்துக்கு ஒரு நியாயம், விமானத்துக்கு ஒரு நியாயமா? சில தமிழ் விமானிகள் உயரத்தையும் வானிலையையும் தமிழில் சொல்லும்போது பயணிகள் கைதட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் உயரம் தெரியாவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை, கதவு தெரியாவிட்டால்?

நம் வேலூரைப் பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள் என்பதற்காக, சுற்றிலும் உள்ள லாட்ஜுகளும் மருந்துக் கடைகளும் வங்காளியில் பலகை மாட்டியிருக்கின்றன. கடைக்காரர் வங்காளியில் விலை சொல்கிறார். ஒரு மருந்துக் கடைக்கு முடிவது, கோடிக்கணக்கில் விமானம் வாங்குபவர்களுக்கு முடியாதா? குறைந்தபட்சம் பணிப்பெண்களுக்கு மூன்று கட்டளைகளையாவது கற்றுக் கொடுக்கலாம்: 'பையை விடு! வெளியே வா! குதி!' அரை மணி நேரப் பாடம்.

அது நடக்கும்வரை அந்த வேலை உங்களுடையது. ஆம், உங்களுடையதுதான்! சீட்டுக்கு முன்னால் உள்ள பையில் படம் போட்ட அட்டை இருக்கும். எடுத்துப் படித்து, பக்கத்தில் இருக்கும் பாட்டிக்குச் சொல்லுங்கள். பாட்டிக்கு உருதுதான் வரும் என்றால் உருதுவில் சொல்லுங்கள். சறுக்குப் பாதையில் குதிக்கும்போது ஹைஹீல்ஸ் அதைக் கிழித்துவிடும். ஆம்பூரிலேயே தைத்த செருப்பானாலும் கழற்றத்தான் வேண்டும் என்று அக்காவிடம் சொல்லுங்கள். உங்கள் சீட்டிலிருந்து முன் கதவுக்கு எத்தனை வரிசை, பின் கதவுக்கு எத்தனை வரிசை என்று எண்ணிவிடுங்கள். பக்கத்துக் கதவு பல நேரம் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். புகையில் கண் தெரியாவிட்டாலும், சீட்டின் தலைப்பைக் கையால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போகலாம், இல்லையா?