பிள்ளைகளின் சட்டம் மட்டும் உறங்குவதேன்?

பிள்ளையின் பெயரும் வயதும் குரலும், அது எந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தது என்னும் கணக்கும் இன்று விளம்பர வியாபாரிகளிடம் விலைபோகும் சரக்குகளாகிவிட்டன. வெள்ளவத்தை மாடிவீட்டில் கைத்தொலைபேசியோடு தனித்திருக்கும் பிள்ளைக்கும், கிளிநொச்சியில் வயல் வரம்பிலிருந்து பாட்டுப் பார்க்கும் பிள்ளைக்கும் இதில் வேற்றுமையில்லை. காவல் நிற்க வேண்டிய அரசாங்கம் என்ன செய்தது?

2022 மார்ச்சில் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிள்ளைகளின் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியவையென அது வகுத்தது. பெற்றோரின் சம்மதத்துக்கு இடமளித்தது. நாம் வரவேற்றோம். ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 ஆந் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருக்க, நாள் நெருங்கியதும் அவை பின்போடப்பட்டன. மூன்றாண்டு அவகாசம் போதவில்லையாம்!

இதே நாட்டில் இன்னொரு 9 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. அது 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஜனவரி 24 இல் 62 பேர் எதிர்க்க 108 பேர் அதை நிறைவேற்றினர். பெப்ரவரி 1 இல் சபாநாயகர் கையொப்பமிட்டார். பிள்ளைகளின் பாதுகாப்பும் அதற்கொரு நியாயமாக ஓதப்பட்டது. மக்களின் வாயைக் கட்டும் சட்டத்துக்கு எட்டு நாள் போதும். பிள்ளைகளைக் காக்கும் சட்டத்துக்கு மூன்றாண்டும் போதாது! ஆட்சி மாறியது, இந்த நீதி மாறியதா?

ஐக்கிய அமெரிக்காவைப் பாருங்கள். பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் தரவுகளைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டலாகாதென 1998 இலேயே அங்கு சட்டமுண்டு. அதை மீறியதாக எழுந்த குற்றச்சாட்டில் 2019 செப்டெம்பரில் கூகிளும் யூரியூப்பும் 17 கோடி டொலர் செலுத்த இணங்கின. 2020 ஜனவரி முதல், தம் படம் பிள்ளைகளுக்கானதா அல்லவா என்பதை ஒவ்வொரு படைப்பாளரும் அறிவிக்க வேண்டுமென யூரியூப் விதித்தது. எந்த நாட்டிலிருந்து படம் ஏற்றினாலும் விதி ஒன்றே. பிள்ளைகளுக்கானது என்றால், பார்ப்பவரின் பழக்கத்தை வேவுபார்த்துக் காட்டப்படும் விளம்பரம் நின்றுவிடும். கருத்துரைக்கும் இடமும் மூடப்படும்.

வருமானம் சுருங்குகிறதென்று படைப்பாளர் முறையிடுகின்றனர். தமிழில் கதையும் பாட்டும் தரும் சிறு முயற்சியாளரின் துன்பத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. திரட்டியது நிறுவனம், சுமப்பது படம் எடுத்தவன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்! ஆயினும் இதற்காகப் பாதுகாப்பையே கைவிடு என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். வேவுபார்க்காமலே, படத்தின் பொருளுக்கேற்ற விளம்பரம் காட்டலாம், இன்றும் காட்டப்படுகிறது. அதில் குறையும் பணத்தை ஈடுசெய்ய வேண்டியவர் இலாபத்தில் பெரும்பங்கு கொள்வோரேயன்றி, எதுவுமறியாப் பிள்ளையல்ல.

இன்னொன்றையும் நாம் வற்புறுத்துவோம். பெற்றோரிடம் சம்மதம் கேட்கும் அறிவித்தல் அவர்களுக்கு விளங்காத மொழியிலிருந்தால் அது சம்மதமா? இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்கியதோடு, பிள்ளைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடுக்கிறது. சம்மதம் கோரும் அறிவித்தலை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் தரச் சொல்கிறது. அவற்றில் தமிழும் ஒன்று. இலங்கையிலோ தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. சென்னைத் தாய்க்குக் கிட்டும் உரிமை வெள்ளவத்தைத் தாய்க்கு ஏன் கூடாது?

நாம் கேட்பவை மூன்றே. பிள்ளைகளைக் காக்கும் விதிகளை இனியும் பின்போடாதீர். பெருநிறுவனத்தின் பொறுப்பைச் சிறு படைப்பாளரின் தலையில் கட்ட இடந்தராதீர். சம்மதப் பத்திரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தரச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவீர். பயிரை மேய்ந்தபின் வேலியடைப்பதில் பயனில்லை என்பதை வயலில் நிற்கும் எங்கள் விவசாயி அறிவான். ஆளுவோர் அறிவது எப்போது?